காவல்காரன் எங்கே நிற்கணும்? ஃபயர்வால் இடம் மாறிய கதை

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பழைய லேப்டாப் ஒன்றில் கியூப்ஸ் ஓஎஸ் போட்டு, வங்கி வேலைக்கு மட்டும் ஒரு தனி மெய்நிகர் கணினியை உருவாக்கினேன். ஃபயர்வால் பக்கத்துக்குப் போய், வங்கித் தளத்தின் பெயரை மட்டும் எழுதி, மற்ற எங்கேயும் இணைப்பு போகக்கூடாது என்று அமைத்தேன். பரம திருப்தி.

அப்புறம் சும்மா சோதிச்சுப் பார்ப்போமே என்று டெர்மினலில் வேறொரு தளத்தின் பெயரைக் கொடுத்தேன். தளம் திறக்கவில்லை, சரி. ஆனா அதோட ஐபி முகவரி மட்டும் டக்குனு வந்து நின்றது. அதாவது டிஎன்எஸ் கேள்வி ஒன்று வெளியே போயிருக்கு, பதிலும் உள்ளே வந்திருக்கு. பூட்டிட்டேன்னு நான் நம்பின கதவில் ஒரு ஜன்னல்!

முதலில் இது பிழை என்றே நினைத்தேன். இல்லை, தெரிந்தேதான் அப்படி வைத்திருக்கிறார்கள். ஏன் என்று தேடப் போனது முப்பது வருஷத்துக்கும் மேல் பின்னால் இழுத்துக்கொண்டு போய்விட்டது. அந்தக் குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

தெருவாசலில் காவல்

1988 நவம்பர் 2. கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ் விட்ட ஒரு புழு நிரல் இணையத்தைத் திணறடித்தது. சுமார் 6,000 கணினிகள் பாதிக்கப்பட்டதாக அப்போது மதிப்பிட்டார்கள். அதுவரை இணையம் என்பது ஆராய்ச்சியாளர்கள் ஒருத்தரையொருத்தர் நம்பி வாழ்ந்த அக்ரகாரம் மாதிரி. யார் வீட்டுக் கதவுக்கும் தாழ்ப்பாள் கிடையாது.

அந்தக் காலகட்டத்தில் டிஇசி நிறுவனத்தில் ஜெஃப் மொகல் பாக்கெட்டுகளைச் சலித்து அனுப்பும் மென்பொருளை எழுதினார். பெல் லேப்ஸில் பில் செஸ்விக் தங்கள் நெட்வொர்க்குக்கும் வெளி உலகத்துக்கும் நடுவில் ஒரு வாசலைக் கட்டி, 1990-இல் அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவர் அதில் சொன்ன உவமை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: வெளியே மொறுமொறு ஓடு, உள்ளே மெத்துனு இனிப்பு. நம்ம சுழியம்தான். ஓட்டைக் கடித்துவிட்டால் பூரணம் மொத்தமும் உங்களுக்கே.

ஃபயர்வால் என்ற பெயரே கட்டடத் தொழிலிலிருந்து வந்தது. ஒரு வீட்டில் பிடித்த தீ பக்கத்து வீட்டுக்குப் பரவாமல் இருக்க எழுப்பும் சுவர். இந்தப் பொருளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சுவர் தீயை அணைக்காது, பரவாமல் மட்டும் பார்த்துக்கொள்ளும். கடைசியில் இதற்குத் திரும்பி வருவோம்.

காவலை வீட்டுக்குள் அழைத்தோம்

அலுவலகத்துக்கு வாசல் இருந்தது. வீட்டில் மோடம் வழியாக நேரடியாக இணையத்தில் தொங்கும் கணினிக்கு என்ன இருந்தது? 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் புழு வந்தபோது இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தது. யாரும் எதையும் க்ளிக் செய்ய வேண்டியதில்லை, இணையத்தில் இணைந்தாலே போதும். திரையில் ஒரு நிமிட கவுண்ட்டவுன் ஓடி கணினி தானாக ரீஸ்டார்ட் ஆனதைப் பார்த்த தலைமுறை நாங்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் வந்த விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2-இல் மைக்ரோசாஃப்ட் ஃபயர்வாலை இயல்பாகவே இயங்க வைத்தது. லினக்ஸ் பக்கம் ஐபிசெயின்ஸ் போய், 2001-இல் 2.4 கெர்னலோடு ஐபிடேபிள்ஸ் வந்திருந்தது.

ஆக, தெருவாசலில் நின்ற காவல்காரன் ஒவ்வொரு கணினிக்குள்ளும் வந்துவிட்டான். நல்லதுதானே? இதில் இரண்டு சிக்கல்.

முதலாவது, காவல்காரனும் திருடனும் ஒரே வீட்டில். கணினிக்குள் புகுந்த நிரலுக்கு அட்மின் உரிமை கிடைத்துவிட்டால், அது முதலில் செய்யும் வேலை ஃபயர்வாலை அணைப்பதுதான்.

இரண்டாவது சிக்கல் இன்னும் கொடுமை. 2004 மார்ச் மாதம் விட்டி என்றொரு புழு வந்தது. பிளாக்ஐஸ் முதலான சில ஃபயர்வால் மென்பொருள்களில் இருந்த ஓட்டையே அது நுழைந்த வழி. வந்துபோகும் பாக்கெட்டைப் பிரித்துப் படிக்கும் பகுதியில் பிழை இருந்தது. ஒரே ஒரு பாக்கெட் போதுமாக இருந்தது. ஓட்டை பற்றிய அறிவிப்பு வந்த மறுநாளே புழு கிளம்பிவிட்டது. சுமார் 12,000 கணினிகள் மாட்டின. ஹார்டு டிஸ்க்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குப்பையை எழுதி அவற்றை அழித்தது. இதில் மாட்டினவர்கள் அஜாக்கிரதையான ஆட்கள் இல்லை, பாதுகாப்பு வேணும்னு தேடி ஃபயர்வால் போட்டவர்கள்!

வார்சாவில் போட்ட குறுக்குச் சுவர்கள்

இதற்கான விடை வெகு காலமாகவே காகிதத்தில் இருந்தது. 1981-இல் ஜான் ரஷ்பி ஒரு யோசனை சொன்னார்: ஒரே கணினிக்குள் பல தனித்தனிக் கணினிகள் இருப்பது போலப் பிரித்துவிடுங்கள், அவற்றுக்கு நடுவே குறிப்பிட்ட வழிகளில் மட்டும் பேச்சு நடக்கட்டும். 2003-இல் கேம்பிரிட்ஜ் குழு ஜென் ஹைபர்வைசர் பற்றிய ஆய்வுக்கட்டுரையை வெளியிட்டபோது, சாதாரண பிசியில் அதைச் செய்ய ஒரு கருவியும் கிடைத்துவிட்டது.

அதை மேசைக் கணினிக்குக் கொண்டுவந்தவர் போலந்தின் ஜோன்னா ருட்கோவ்ஸ்கா. 2006-இல் பிளாக் ஹாட் மாநாட்டில், ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸை அதுக்கே தெரியாமல் ஒரு மெய்நிகர் கணினிக்குள் தள்ளும் 'ப்ளூ பில்' உத்தியைக் காட்டிப் பெயர் வாங்கியவர். தாக்கும் கையே பிறகு கட்டவும் ஆரம்பித்தது. வார்சாவில் அவர் நடத்திய இன்விசிபிள் திங்ஸ் லேப், 2010 ஏப்ரலில் கியூப்ஸை அறிவித்தது. வடிவமைப்பில் ரஃபால் வோய்ட்சுக்கும் உடன் இருந்தார். 2012 செப்டம்பரில் 1.0 பதிப்பு வந்தது.

கியூப்ஸில் ஒவ்வொரு மெய்நிகர் கணினிக்கும் பெயர் கியூப். அலுவலகத்துக்கு ஒன்று, வங்கிக்கு ஒன்று, கண்ட கண்ட தளங்களுக்கு ஒன்று. இன்றைய பெயர்களில் சொன்னால், நெட்வொர்க் கார்டு இருப்பது சிஸ்-நெட் என்ற கியூபில். வைஃபை டிரைவரில் ஓட்டை இருந்தால் முதலில் விழுவது அதுதான் என்று எதிர்பார்த்தே அதைத் தனியாக வைத்திருக்கிறார்கள். அதற்கும் நம்ம வேலை கியூபுக்கும் நடுவில் சிஸ்-ஃபயர்வால். எல்லாவற்றையும் நிர்வகிக்கும் டாம்-ஜீரோவுக்கு நெட்வொர்க்கே கிடையாது.

விதியை நாம் எழுதுவது டாம்-ஜீரோவில். அதை அமல்படுத்துவது சிஸ்-ஃபயர்வாலில். கட்டுப்படுவது வங்கி கியூப். மூன்றும் மூன்று இடம். வங்கி கியூபுக்குள் ஒருத்தன் புகுந்து ரூட் உரிமையே வாங்கினாலும், ஃபயர்வாலை அணைக்க அவனுக்குக் கை எட்டாது, ஏன்னா சுவிட்ச் அந்த அறையிலேயே இல்லை. 2004-இன் முதல் சிக்கலுக்கு இது நேரான பதில். காவல்காரன் கணினியை விட்டு வெளியே வந்தான், ஆனா பெட்டி அதே பெட்டி.

விதி எழுதும்போது

எழுதிப் பார்த்தால் நடைமுறைத் தொல்லைகள் தெரியும். 4.0-க்கு முந்தைய பதிப்புகளில் ஒரு கியூபின் விதிகள் மொத்தமும் 3 கிலோபைட்டுக்குள் அடங்கணும். அதாவது 35 முதல் 39 விதிகள் வரைதான். 2018-இல் வந்த 4.0-இல் அந்தத் தடை போனது. 2023 டிசம்பரில் வந்த 4.2, ஐபிடேபிள்ஸை விட்டு என்எஃப்டேபிள்ஸுக்கு மாறியது; ஐபிடேபிள்ஸில் சொந்தமாக ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருந்தவர்கள் எல்லாம் உட்கார்ந்து திருத்த வேண்டி வந்தது.

பெயரால் விதி எழுதினால் இன்னொரு தொல்லை. அந்தப் பெயரை ஐபி முகவரியாக மாற்றுவது விதியை அமல்படுத்தும் நேரத்தில் மட்டும்தான். ஒவ்வொரு இணைப்புக்கும் புதிதாகப் பார்ப்பதில்லை. பெரிய தளங்கள் முகவரியை மாற்றிக்கொண்டே இருக்கும். என் வங்கித் தளம் முதல் நாள் ஜோராகத் திறந்தது. மறுநாள் பாதியில் நின்றது. போதாக்குறைக்கு, பணம் கட்டும் பக்கம் வேறொரு டொமைனுக்குத் தாவுகிறது. ஓடிபி கேட்கும் நேரத்தில் வெள்ளைத் திரையை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஐந்து நிமிடத்துக்கு முழு அனுமதி கொடுக்கும் வசதி அமைப்பிலேயே இருக்கிறது. அதை அழுத்த எவ்வளவு வேகமாகக் கை போனது என்பதையும் கவனித்தேன். அவசரத்தில் திறக்கிற கதவுதான் ஆபத்தான கதவு.

சரி, அந்த ஜன்னல்?

டிஎன்எஸ் விஷயத்துக்கு வருவோம். கியூப்ஸ் ஆவணங்கள் இதை மறைக்கவில்லை: தகவல் கசிவைத் தடுப்பது இந்த ஃபயர்வாலின் நோக்கமே இல்லை என்று வெளிப்படையாகச் சொல்கின்றன. புகுந்தவன் புத்திசாலியாக இருந்தால், டிஎன்எஸ் கேள்விக்குள்ளேயே தகவலைத் துண்டு துண்டாக ஒளித்து அனுப்புவான். அதை அடைத்தால், அனுமதித்த முகவரி வழியாகவே ஏதாவது செய்வான். அதையும் அடைத்தால், சிபியூவை வேகமாகவும் மெதுவாகவும் ஓட்டி, அதையே பக்கத்து கியூபுக்கு சமிக்ஞை ஆக்கலாம். இந்த மாதிரி மறைவழிகளை முழுசாக அடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று பட்லர் லாம்சன் 1973-லேயே எழுதிவிட்டார்.

அப்போ எதுக்கு இந்த விதிகள்? நம்ம தப்பிலிருந்து நம்மைக் காப்பாற்ற. வங்கி கியூபில் பழக்க தோஷத்தில் நான் வேறு தளத்தைத் திறக்கப் போனால், அது திறக்காது. மெயில் கியூபில் மெயில் சர்வரை மட்டும் அனுமதித்திருந்தால், வந்த லிங்க்கைத் தூக்கக் கலக்கத்தில் அழுத்தினாலும் எதுவும் நடக்காது. தீ பிடிக்காமல் பார்த்துக்கொள்வது நம்ம வேலை, பரவாமல் பார்த்துக்கொள்வது சுவரோட வேலை. அந்தப் பழைய பெயர் சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

ஃபயர்வால் பக்கத்தில் அந்த ஒரு வரியை எழுதிவிட்டு, கசிவையே தடுத்துவிட்டதாக நம்பினேன் பாருங்கள், அதுதான் உண்மையான ஓட்டை. விட்டி புழுவில் மாட்டின 12,000 பேரும் கிட்டத்தட்ட அப்படித்தான் நம்பியிருப்பார்கள்.

இப்போ என் ஏற்பாடு இது. வங்கி கியூபில் டிஎன்எஸ் திறந்தே இருக்கிறது. பணம் கட்டும் பக்கத்துக்குத் தேவையான டொமைன்களையும் சேர்த்துவிட்டேன். பாஸ்வேர்டு கோப்பு வேறொரு கியூபில் இருக்கிறது. அதுக்கு நெட்வொர்க்கே இணைக்கவில்லை, அதனால் ஃபயர்வால் விதி ஒன்றுகூட எழுத வேண்டியிருக்கவில்லை.