உழக்கும் உரியும் துவித எண்ணும்

யாழ்ப்பாணத்து வீடொன்றில் எத்தனை எண்முறைகள் குடியிருக்கின்றன என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? கொக்குவிலில் அச்சாகும் வாக்கிய பஞ்சாங்கம் ஒரு நாளை 60 நாழிகையாகவும் ஒரு நாழிகையை 60 விநாழிகையாகவும் பிரிக்கிறது. கடைக் கணக்கு பத்தின் அடுக்கில் நடக்கிறது. காணிக் கணக்கில் 16 பரப்பு ஓர் ஏக்கர். மேசையில் கிடக்கும் கைபேசிக்கோ 0, 1 என்ற இரண்டு குறிகள் போதும். இவற்றுள் இரண்டால் எண்ணும் கணக்குத்தான் மிகப் புதியது என்று நினைப்போம். ஆனால் அதன் பயணம் நீண்டது. அது புறப்பட்ட இடமும் கணக்குப் புத்தகம் அல்ல, செய்யுள் இலக்கணம்.

ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, சந்தசாத்திரம் எழுதிய பிங்கலருக்கு ஒரு சிக்கல். குறில் ஓசை லகு, நெடில் ஓசை குரு. இவ்விரண்டையும் மாற்றி மாற்றி அடுக்கினால் எத்தனை சந்தங்கள் வரும்? பட்டியலில் பதினோராவது சந்தம் எது? அவர் சொன்ன வழி எளியது. எண் இரட்டையானால் பாதியாக்கி லகு எழுது. ஒற்றையானால் ஒன்று கூட்டிப் பாதியாக்கிக் குரு எழுது. தசம எண்ணை 0, 1 மட்டுமே கொண்ட துவித எண்ணாக மாற்ற, இன்று தரம் 9 பிள்ளை இரண்டால் வகுத்து வகுத்து மீதியை எழுதுகிறதே, அதன் மூத்த உறவு இது.

தமிழ் யாப்பும் இதே தடத்தில் நடக்கிறது. அசை இரண்டே: நேர், நிரை. ஈரசைச் சீர் 4, மூவசைச் சீர் 8, நாலசைச் சீர் 16; ஓரசைச் சீர் இரண்டையும் சேர்த்தால் 30. அமிதசாகரரின் யாப்பருங்கலக்காரிகையைப் படித்தவர் எல்லோரும் தேமா, புளிமா, கூவிளம், கருவிளம் என்று சொல்லியபடியே இரண்டின் அடுக்குகளையும் மனப்பாடம் செய்தார்கள்.

என்னை மிகவும் கவர்வது நெல் அளந்தவர்களின் கணக்குத்தான். 2 ஆழாக்கு ஓர் உழக்கு. 2 உழக்கு ஓர் உரி. 2 உரி ஒரு நாழி. 8 நாழி ஒரு குறுணி. 2 குறுணி ஒரு பதக்கு. 2 பதக்கு ஒரு தூணி. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நெல் வருமானம் இந்தப் படிகளில்தான் இறங்கி வருகிறது. அக்கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களில் ஈழமண்டலத்து ஊர்களும் இருந்தன. இரட்டிப்பதில் வியாபாரிக்கு ஒரு வசதி உண்டு. சிறிய அளவை இரண்டு முறை நிரப்பிக் கொட்டினால் பெரிய அளவு சரியா, கள்ள அளவா என்று சந்தையிலேயே தெரிந்துவிடும்.

இப்போது 13 ஆழாக்கு நெல்லை அளந்து பாருங்கள். கொள்ளக்கூடிய மிகப் பெரிய அளவிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு நாழி போயிற்று, மீதி 5. ஓர் உரி போயிற்று, மீதி 1. உழக்குக்கு வேலையில்லை. கடைசியில் ஓர் ஆழாக்கு. உண்டு, உண்டு, இல்லை, உண்டு: 1101. பதின்மூன்றின் துவித வடிவம் அதுவே. கூட்டலும் அப்படியே. ஓர் உரியும் ஓர் ஆழாக்கும் இருக்கும் கூடையில் ஓர் உழக்கும் ஓர் ஆழாக்கும் கொட்டுங்கள். ஆழாக்கு இரண்டும் உழக்காகும். அது இருக்கிற உழக்கோடு சேர்ந்து உரியாகும். உரி இரண்டும் நாழியாகும். 101 உடன் 11 ஐக் கூட்டினால் 1000. ஒன்றும் ஒன்றும் பத்தா என்று திகைக்கும் பிள்ளைக்கு ஆசிரியர்கள் இதைச் செய்து காட்டலாம். அதற்காக, கணினியை நம் முன்னோர் கண்டுபிடித்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. அவர்கள் 0, 1 என்று எழுதவில்லை. கைகள் செய்த வேலைதான் ஒன்று.

அப்படி எழுதியவர்கள் ஐரோப்பாவில் இருந்தார்கள். இங்கிலாந்தின் தோமஸ் ஹாரியட் துவித எண்களை எழுதிப் பார்த்து, அச்சிடாமலே 1621 இல் இறந்தார். ஜெர்மானியரான லைப்னிட்ஸ் தம் துவிதக் கணக்கை 1701 இல் பீக்கிங்கில் இருந்த யேசுசபைப் பாதிரியார் புவேவுக்கு எழுதினார். புவே பதிலோடு சீனத்து யீ சிங் நூலின் 64 கோட்டுருவங்களை அனுப்பினார். உடைந்த கோடு, உடையாத கோடு, ஆறு வரிசை. அந்தக் கடிதம் போய்ச் சேர ஒன்றரை ஆண்டு ஆயிற்று. 1703 இல் அதைப் பிரித்த லைப்னிட்ஸ், தம் கணக்கு ஆதிச் சீனருக்கே தெரிந்திருந்தது என்று மகிழ்ந்து உடனே கட்டுரை எழுதினார். அந்த வரிசையை வகுத்தவர் 11 ஆம் நூற்றாண்டின் ஷாவோ யொங் என்பது அவருக்குத் தெரியாது.

பஞ்சாங்கத்தின் அறுபதின் கணக்கு வேறு வழியில் வெளியே வந்தது. வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்க வந்த பிரெஞ்சுக்காரர் லெ ஜென்டீல், 1761 இல் போரால் கரை இறங்க முடியாமலும் 1769 இல் மேகத்தாலும் இரண்டு தடவையும் ஏமாந்தார். ஆனால் புதுச்சேரியில் தங்கிய நாட்களில், சோகிகளை அடுக்கிக் கிரகணம் கணிக்கும் தமிழர் ஒருவரைக் கண்டார். 1765 ஆகஸ்ட் 30 சந்திரகிரகணத்தின் நேர அளவில் தமிழரின் கணக்கு 41 விநாடியே பிசகியது. ஐரோப்பாவின் மாயர் அட்டவணை 68 விநாடி பிசகியது. இந்தக் கணிப்பு முறையின் வேர் பாபிலோனியாவில் இருப்பதாக வானியல் வரலாற்றாய்வாளர் நொய்கெபாவர் 1952 இல் எழுதினார்.

யாழ்ப்பாணத்தில் 1823 இல் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டை செமினரியைத் தொடங்கினார்கள். 1854 இல் ஜோர்ஜ் பூல், உண்மை, பொய் என்ற இரண்டையும் 1, 0 ஆக்கி, சிந்தனைக்கே ஒரு வீசகணிதம் வகுத்தார். மறு ஆண்டு, செமினரியில் படித்த கறோல் விசுவநாதபிள்ளையின் வீசகணித நூல் யாழ்ப்பாணத்தில் தமிழில் வந்தது. பூலின் நூல் வெளியான அதே 1854 இல் பிறந்தவர் சுன்னாகம் குமாரசுவாமிப் புலவர். காரிகைக்குப் புத்துரை செய்தவர். நேரும் நிரையும் ஒரு பக்கம், உண்மையும் பொய்யும் மறு பக்கம். இரண்டும் சந்திக்க இன்னும் நூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

அதற்கிடையில் பத்து வென்றது. இலங்கை ரூபாய் 1872 இல் 100 சதமாயிற்று. இந்தியா அணாவை, அதாவது ரூபாயின் 16 இல் ஒரு பங்கான வீசத்தை, 1957 வரை விடவில்லை.

1937 இல் ஷானன் என்ற மாணவர் பூலின் வீசகணிதத்தை மின்சுற்றுகளில் பொருத்தினார். அதே ஆண்டு ஸ்டிபிட்ஸ் என்பவர் பழைய ரிலேக்கள், டோர்ச் பல்புகள், புகையிலைப் பேணியில் வெட்டிய தகடுகள் கொண்டு குசினி மேசையில் ஒரு துவிதக் கூட்டற்பொறி செய்தார். பெர்லினில் சூசே என்பவர் பெற்றோரின் வீட்டுக்குள்ளேயே துவிதப் பொறி கட்டினார். பெரும் செலவில் எழுந்த எனியாக் கணினியோ பத்தால் எண்ணியது. அது ஓடத் தொடங்குமுன்பே, அடுத்த பொறி துவிதத்தில் இருக்க வேண்டும் என்று 1945 இல் கணிதவியலாளர் வொன் நொய்மன் எழுதிவிட்டார்.

தமிழ் எழுத்து இந்தக் கணக்குக்குள் முழுமையாக நுழைந்தது யுனிகோட் வழியாக. 'அ' வின் எண் 2949, துவிதத்தில் 101110000101. பழைய தமிழ் இலக்கத்தில் அது ௨௲௯௱௪௰௯. பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனிக்குறி இருந்ததால் அந்த முறைக்குப் பூச்சியம் தேவைப்படவில்லை. 1991 இல் வந்த முதல் யுனிகோட் பதிப்பிலும் ஒன்று முதல் ஒன்பது வரையும் ௰, ௱, ௲ உம்தான் இருந்தன. தமிழ்ப் பூச்சியம் சேர்ந்தது 2005 இல், 4.1 ஆம் பதிப்பில். அதன் எண் 3046.