அபுராகே

அபுராகே: சோயா பாலைத் திரித்து எடுக்கும் டோஃபுவை மெல்லிய பலகைகளாக அரிந்து, நீரைப் பிழிந்தெடுத்து, எண்ணெயில் இருமுறை பொரித்துச் செய்யப்படும் ஜப்பானிய உணவு. ஜப்பானில் பொரித்த டோஃபு வகைகள் பல உண்டு. தடித்த துண்டுகளாகப் பொரித்து, உள்ளே வெண்மை மாறாமல் எடுப்பது அட்சுவாகே. டோஃபுவை மசித்து, கேரட், கடற்பாசி, எள் முதலியன கலந்து உருண்டையாகப் பொரிப்பது கன்மொதொகி. மாவில் புரட்டிப் பொரித்துச் சாற்றில் இட்டு உண்பது அகேதாஷி. இவற்றுள் அபுராகேயே மெல்லியது. உள்ளே வெற்றிடம் விட்டுப் பையாகப் பிரியக்கூடியதும் அதுவே.

தோற்றம்: டோஃபு சீனாவிலிருந்து ஜப்பானுக்கு வந்தது. அதைக் கண்டுபிடித்தவர் கி.மு. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹுவாய்நான் சிற்றரசர் லியூ ஆன் என்பது மரபு. ஆனால் டோஃபுவைக் குறிக்கும் தெளிவான சீன எழுத்துச் சான்று 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பதால் ஆய்வாளர் பலர் இம்மரபை ஏற்பதில்லை. ஜப்பானில் முதற்குறிப்பு 1183இல் கிடைக்கிறது. நாரா நகரின் கசுகா ஆலயப் பூசகர் ஒருவர் தம் நாட்குறிப்பில் படையல் பொருள்களிடையே இதைச் சேர்த்திருக்கிறார். அடுத்த நூற்றாண்டுகளில் பௌத்த மடங்களின் புலால் இல்லாச் சமையலில் டோஃபு நிலைபெற்றது.

எண்ணெயில் பொரிக்கும் வழக்கம் எப்போது தொடங்கியது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. மடங்களின் சமையற்கட்டிலேயே தொடங்கியது என்பர் ஒரு சாரார். எடோ காலத்தில்தான் (1603–1868) பரவியது என்பர் மற்றொரு சாரார். எண்ணெயின் வரலாறு இரண்டாவது கருத்துக்கே துணை நிற்கிறது. இடைக்காலத்தில் எண்ணெய் வணிகம் கியோட்டோவுக்கு அருகிலுள்ள ஓயாமசாகி வணிகக் குழுவின் கையில் இருந்தது. எண்ணெய் அன்று முதலில் விளக்குக்குத்தான், வாணலிக்கு அல்ல. எடோ காலத்தில் ரேப்சீட் பயிர் பெருகி எண்ணெய் விலை இறங்கிய பின்னரே பொரித்த பண்டம் தெருவுக்கு வந்தது.

எடோ காலம்: இக்காலத் தொடக்கத்தில் டோஃபு எளியவர் உணவாக இருக்கவில்லை. பஞ்சம் நிலவிய 1640களில், தானியம் வீணாவதைத் தடுக்க உழவர்களுக்கு இடப்பட்ட ஆணைகளில் ஊடோன், சோபா ஆகிய நூடுல்ஸ் வகைகளுடன் டோஃபுவும் விலக்கப்பட்டிருந்தது. நூறாண்டுக்கும் மேல் கழிந்தபின் நிலைமை தலைகீழானது. 1782இல் ஒசாகாவில் 'டோஃபு ஹியாகுசின்' என்ற நூல் வெளியாயிற்று. நூறு டோஃபுப் பண்டங்களைக் கூறும் இந்நூல் பெருவரவேற்புப் பெறவே, மறு ஆண்டே அதன் தொடர்ச்சி வந்தது. ஆசிரியர் புனைபெயரில் மறைந்திருக்கிறார். அவர் ஒசாகாவின் முத்திரைச் சிற்பி சொதானி ககுசென் என்று கருதுவோர் உளர்.

நூறு பண்டங்களும் ஆறு தரங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன. முதல் தரத்தில் 26 அன்றாடப் பண்டங்கள். அடுத்த தரத்தில் எல்லோரும் அறிந்த 10 பண்டங்கள். இவற்றின் செய்முறையை எழுதத் தேவையில்லை என்று நூலாசிரியர் பெயரை மட்டும் தந்து நகர்கிறார். பின்னால் வந்த தொகுப்பாளர்களுக்கு அவர் செய்த ஒரே கெடுதல் இது. ஊரறிந்த உணவுதான் முதலில் ஏட்டிலிருந்து நழுவுகிறது. உச்சத் தரத்தில் உள்ளவை 7 மட்டுமே. அவற்றுள் ஒன்று 'அகேநகாஷி'. டோஃபுவை நல்லெண்ணெயில் பொரித்து, வாணலியருகே வைத்த நீரில் உடனே போட்டு எண்ணெய்ப் பிசுக்கை நீக்கி, கொதிக்கும் குட்சுக் கிழங்குமாவுக் கஞ்சியில் இட்டு, வசாபி கலந்த மிசோ என்னும் சோயா விழுதுடன் பரிமாறுவது. இன்றைய அகேதாஷிக்கு இது முன்னோடி எனச் சிலர் கூறுவர். பொரித்த டோஃபுவைச் சாற்றிலோ கஞ்சியிலோ இடுவதால் இரண்டும் உறவுடையனவாகத் தோன்றினாலும், நேர் வழிவந்தது என நிறுவ இயலாது.

அபுராகேயின் புகழுக்குப் பெருங்காரணம் இனாரிசூஷி. கிதாகவா மொரிசதா 1837இல் எழுதத் தொடங்கிய 'மொரிசதா மன்கோ' இதைக் கண்முன் நிறுத்துகிறது. பொரித்த டோஃபுவின் ஒரு பக்கத்தைக் கீறிப் பையாக்கி, காளானும் உலர் சுரைக்கீற்றும் கலந்த சோற்றை உள்ளே அடைத்து எடோ நகரில் விற்றனர். பகலிலும் விற்பனை உண்டு. ஆனால் இரவுதான் முக்கியம். விற்பவரின் காகித விளக்கில் ஆலயத் தோரணவாயில் வரையப்பட்டிருக்கும். விலை மிக மலிவு. நகோயாவில் இது முன்னரே இருந்ததென்றும் மொரிசதா குறிக்கிறார். அயிச்சி மாகாணத்தின் தொயோகாவா இனாரி ஆலயம் உள்ள ஊராரும் தம் ஊரே பிறப்பிடம் என்பர்.

தோரணவாயில் இனாரி தெய்வத்தைச் சுட்டுவது. நெல்லுக்குரிய அத்தெய்வத்தின் தலைமை ஆலயம் கியோட்டோவின் புஷிமி இனாரி. நரி அத்தெய்வத்தின் தூதர். நரிக்குப் பொரித்த டோஃபு பிடிக்கும் என்பது நாட்டு நம்பிக்கை. முன்னாளில் எண்ணெயில் பொரித்த எலியையே நரிக்கு வைத்தனர், பின்னர் அதன் இடத்தை அபுராகே பிடித்தது என்று விளக்கம் கூறுவர். 'சுரிகிட்சுனே' என்னும் கியோகென் நகைச்சுவை நாடகத்தில் நரிப்பொறியின் இரை பொரித்த எலியே. நரியின் கருத்து எங்கும் பதிவாகவில்லை.

பிற்காலம்: மெய்ஜி காலத்தில் ஒசாகாவில், இனிப்பாக வேகவைத்த அபுராகேயை மேலே இட்ட கிட்சுனே ஊடோன் தோன்றியது, 1893இல் தொடங்கிய உசாமிதெய் மட்சுபாயா கடை அதன் பிறப்பிடமாகச் சொல்லப்படுகிறது. இரண்டாம் உலகப் போரில் மெக்னீசியம் விமான உற்பத்திக்குத் திருப்பப்பட்டதால், டோஃபுவைத் திரிக்க, மெக்னீசியம் செறிந்த நிகாரிக்குப் பதிலாகக் கால்சியம் சல்பேட்டு புழக்கத்துக்கு வந்தது. 1976இல் நிஸ்ஸின் நிறுவனம் கிட்சுனே ஊடோனைக் கோப்பையில் அடைத்து விற்றது. 1960இல் 50,000ஐத் தாண்டியிருந்த டோஃபுத் தயாரிப்பாளர் எண்ணிக்கை இன்று சில ஆயிரங்களாகச் சுருங்கிவிட்டது.

வட்டார வேறுபாடுகள்: நீகாதா மாகாணத்தின் தொச்சியோ அபுராகே ஏறத்தாழ 20 செ.மீ. நீளமும் 3 செ.மீ. தடிமனும் கொண்டது. எஹிமேயின் மட்சுயாமா வகை அப்பளம்போல் நொறுங்கும்படி உலர்ந்திருக்கும். அபுராகேக்கும் கன்மொதொகிக்கும் குடும்பங்கள் செலவிடும் தொகையில் புகுயி நகரம் பல பத்தாண்டுகளாக முதலிடம் வகிக்கிறது. இனாரிசூஷி கிழக்கு ஜப்பானில் உருளை வடிவிலும் மேற்கில் முக்கோண வடிவிலும் இருக்கும்.

செய்முறை: கடைக்காரர் அபுராகேக்கென்று தனியாக டோஃபு செய்கிறார். சோயா பாலை நீண்ட நேரம் கொதிக்கவிடாமல், குளிர்ந்த நீர் விட்டுச் சூட்டைத் தணித்து, பிறகே திரிப்பர். அதிகம் வெந்த பாலில் செய்த டோஃபு எண்ணெயில் உப்பாது. அழுத்தி நீர் வடித்த பலகைகள் முதலில் 110–120 பாகை செல்சியஸ் எண்ணெயில் மெல்ல விரிகின்றன. பின்னர் 180–200 பாகைக்கு மாறும்போது உள்நீர் ஆவியாகிப் பூரிபோல் உப்ப, மேற்தோல் இறுகிப் பொன்னிறமாகிறது.

வீட்டில் செய்வோர் கடையில் கிடைக்கும் கெட்டி டோஃபுவையே பயன்படுத்துவர். அதை 1 செ.மீ.க்கும் குறைவான பலகைகளாக அரிந்து, துணியில் சுற்றிக் கனம் ஏற்றி நீரை வடிக்க வேண்டும். ஈரம் எஞ்சினால் எண்ணெய் தெறிக்கும். மிதமான சூட்டில் தொடங்கி, பின் தீயைக் கூட்டி எடுப்பர். சுவை குறைவதில்லை, ஆனால் டோஃபு வேறு என்பதால் பை பெரும்பாலும் பிரியாது. பிரியக்கூடியதாக அமைந்தால், பலகையின்மேல் உணவுக்குச்சி ஒன்றை அழுத்தி உருட்டிய பின் ஓரத்தை வெட்ட, இரு தோலும் கிழியாமல் விலகும். சமைக்கும் முன் கொதிநீர் ஊற்றி மேலெண்ணெயைக் கழுவுவது வழக்கம். இதைத் தவிர்த்தால் சோயா சாறு உள்ளே எளிதில் இறங்காது. இனாரிசூஷிக்கு அபுராகேயைக் கடையில் வாங்குவதே நன்று. வீட்டு வாணலிக்கு ஏற்றவை அட்சுவாகேயும் அகேதாஷியும்தான். மீந்த அபுராகே உறைபெட்டியில் ஏறக்குறைய ஒரு மாதம் கெடாது. உறைந்த துண்டை அப்படியே நறுக்கி மிசோ சூப்பில் போடலாம்.