கடற்பாலமும் தழுவலும்

தழுவுதல் குழந்தைக்குரியது, வளர்ந்தவர்க்கு அது கூச்சம் என்றே நம்மவரிற் பெரும்பாலோர் எண்ணி வந்துள்ளனர். மகன் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டால் தந்தை அவனை மார்போடு அணைப்பது அரிது. கைகூப்புவதோடு அன்பு நின்றுவிடும். கூப்பிய கையில் மரியாதை உண்டு. "எட்டி நில்" என்னும் பழைய சாதிக் கட்டளையும் சிறிது உண்டென்பதை மறைப்பானேன்? ஜோகூரில் இக்கூச்சத்தைப் பலர் மறந்த காலங்கள் இரண்டு. இரண்டும் கொடிய காலங்களே.

முதலாவது, ஜப்பானியர் யுத்தத்தின் முடிவு. 1942 ஜனவரி 31-இல் பின்வாங்கிய பிரிட்டிஷ் படை கடற்பாலத்தை வெடிவைத்துப் பிளந்தது. பாலம் விரைவிற் செப்பனிடப்பட்டது. ஆனால் மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில் வேலைக்குக் கொண்டுபோகப்பட்ட பல்லாயிரம் தமிழர் நிலை வேறு. 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில் காலராவும் மலேரியாவும் பசியும் வாரிக்கொண்டவை போக மிஞ்சியோரிற் பலர் யுத்தம் முடிந்த பின்னரே திரும்பினர். இறந்தாரென்று அழுது தீர்த்த வீட்டு வாயிலில் எலும்பும் தோலுமாய் வந்து நின்றவனைக் கைகூப்பியா வரவேற்றிருப்பர்?

இரண்டாவது நம் கண்முன் நிகழ்ந்தது. 1924-இல் முறைப்படி திறக்கப்பட்ட அக்கடற்பாலத்தின் நீளம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்தான். கொரோனாவுக்கு முன் நாள்தோறும் சுமார் மூன்று இலட்சம் பேர் இரு நாட்டு எல்லையைக் கடந்தனர். ஜோகூர் பாருவிலும் மாசாயிலும் ஸ்கூடாயிலும் வீடு, அக்கரையில் வேலை. விடியுமுன் மோட்டார் சைக்கிளில் போய் இரவு திரும்புவோர்க்கு அது மற்றொரு தெருவேயன்றி எல்லையன்று. 2020 மார்ச் 18-இல் மலேசியா நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையை நடைமுறைப்படுத்தியது. முதலிற் சொன்னது இரண்டு வாரந்தான். அதை நம்பி, வேலை போய்விடக் கூடாதே என்று, முன்னாளே துணிப்பையுடன் சிங்கப்பூர் சென்றவர் பலர். இரண்டு வாரம் இருபது மாதமாயிற்று. அவ்வாண்டு ஆகஸ்ட் 17 முதல் சில வேலையாட்களுக்குக் குறுகிய விடுப்பில் வர வழி கிடைத்தது. ஆனால் தனிமைப்படுத்தலும் பரிசோதனையும் நாளையும் பணத்தையும் தின்றன. வீட்டார் முகம் நாள்தோறும் கைப்பேசியில் தெரிந்தது, குரலும் கேட்டது. அது போதவில்லை என்பதே நாம் அறிந்த செய்தி.

நோய்க்காக ஒரு மீட்டர் விலகி நின்றதற்குக் காரணம் இருந்தது, முடிவும் இருந்தது. பிறப்பின் பெயரால் அடிக்கணக்கில் விலக்கி நிறுத்தியதற்கு என்ன காரணம் இருந்தது?

2021 நவம்பர் 29-இல் தடுப்பூசி போட்டவர்க்கு நிலவழிப் பயணம் பேருந்தில் தொடங்கியது. ஒரு பக்கத்துக்கு நாளொன்றுக்கு 1,440 பேரே. லார்க்கின் பேருந்து நிலையத்தில் பரிசோதனை முடிந்து வெளிவந்தவர்கள், முகக்கவசத்தோடே தாயையும் மனைவியையும் கட்டிக்கொண்டு அழுதனர். பார்த்திருந்தோர் எவரும் நகைக்கவில்லை. 2022 ஏப்ரல் 1-இல் தடுப்பூசி முழுமையாகப் போட்டவர்க்குப் பாலம் திறந்தது. தாய் தந்தையரின் இறுதிச் சடங்கைச் சிறு திரையிற் கண்டவர்களும் அன்று வந்தோரில் இருந்தனர். அவர்களை உடன்பிறந்தோர் தழுவிக்கொண்டனர்.