சேலையூர்க் காடும் ஒரு கல்லூரியும்: தாம்பரம் வளாகத்தின் வரலாறு பற்றி ஓர் ஆய்வு

தாம்பரம் ரயில் நிலையத்துக்குக் கிழக்கே ஏறத்தாழ 365 ஏக்கர் பரப்பில் விரிந்து கிடக்கும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் வளாகத்தைக் காண்போரிற் சிலர் அதனை ஆதிகாலந்தொட்டு அழியாது எஞ்சிய காடு என்பர். வேறு சிலர் ஆசிரியர்கள் நட்டு வளர்த்த பூங்கா என்பர். இரண்டும் பாதி உண்மையே. கல்லூரியின் பழைய வரலாற்றையும் அந்நிலத்தின் இயல்பையும் சேர்த்து நோக்கினாலன்றி, இன்று பல்கலைக் கழகங்களும் கல்லூரிகளும் தத்தம் வளாகங்களைப் புதுப்பிக்க முற்படுங்கால் எதைக் காக்க வேண்டும் என்னும் வினாவுக்குத் தெளிவான விடை கிடைப்பதரிது.

1837இல் ஜான் ஆண்டர்சன் பாதிரியார் சென்னை நகரில் தொடங்கிய சிறு பள்ளி, 1862இல் வந்துசேர்ந்த வில்லியம் மில்லரின் பெருமுயற்சியால் வளர்ந்து, 1877இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி என்னும் பெயர் பெற்றது. ஜார்ஜ் டவுன் வர்த்தகத்தின் இரைச்சலும் இட நெருக்கடியும் ஆண்டுதோறும் மிகுந்துவர, மாணாக்கரும் ஆசிரியரும் ஒரே இடத்தில் உடனுறைந்து பயிலும் ஆசிரமம் போன்ற வாழ்க்கைக்கு அங்கே இடமில்லை என்பதை நிர்வாகிகள் உணர்ந்தனர். கடற்கரையிலிருந்து தாம்பரம்வரை மின்சார ரயில் 1931இல் ஓடத் தொடங்கியமை, நகரைவிட்டு இத்துணைத் தொலைவு செல்லும் துணிவை எளிதாக்கியிருத்தல் வேண்டும் என்பது என் கருத்து. அதே காலத்தில், ஏ. டி. லிண்ட்ஸே தலைமையில் வந்த குழு, இந்தியாவிலுள்ள கிறித்தவக் கல்லூரிகள் பரீட்சைக்குப் பயிற்றுவதோடு நில்லாது ஆராய்ச்சியிலும் சுற்றுப்புறக் கிராமங்களின் சேவையிலும் ஈடுபட வேண்டுமென வற்புறுத்தியது. ஏ. ஜி. ஹாக் முதல்வராயிருந்த காலத்தில், நூற்றாண்டு நிறைவுற்ற 1937ஆம் ஆண்டில், கல்லூரி தாம்பரத்தை அடுத்த சேலையூர்க் காட்டுக்குக் குடிபெயர்ந்தது. சுவிட்சர்லாந்துக் கட்டடக் கலைஞர் ஹென்றி ஷேட்டி வகுத்த திட்டத்தின்படி சேலையூர் ஹால், செயின்ட் தாமஸ் ஹால், பிஷப் ஹீபர் ஹால் ஆகிய விடுதிகள் ஒன்றுக்கொன்று தள்ளி எழுப்பப்பட்டன.

அக்காடு வானளாவிய விருக்ஷங்கள் நிறைந்ததன்று. கடினப் பாறையின் மேற்படிந்த சரளை மண்ணில் களா, காரை, சூரை முதலிய முட்புதர்கள் பின்னிக் கிடக்கும் வறண்ட காடு அது. இரசாயனப் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவர்தம் மனைவி ஆலிஸ் பார்ன்ஸும் இதில் மரங்களை நட்டுப் பேணினர். பார்ன்ஸ் தம் துறைக்கு அப்பால் தாவரவியலில் தோய்ந்தவர். தென்னிந்தியக் காசித்தும்பை இனங்களை ஆராய்ந்தவர். சோதனைக் குழாயை வைத்துவிட்டுப் புதருக்குள் புகுந்த ஒருவர் வளாகத்தின் பசுமைக்கு வித்திட்டார் என்பதை நான் தற்செயல் என்று கொள்ளமாட்டேன். எனினும், அவர்கள் நட்ட நிழல்மரங்களைப் போற்றும் நாம், அவற்றுக்கு முன்னரே அங்கிருந்த புதரை வெறும் குப்பையென்று கருதிவிடுகிறோம். மான்கள் ஒதுங்குவதும், குருவிகள் கூடுகட்டுவதும், மழைநீர் சருகின் ஊடே மெல்ல இறங்குவதும் அப்புதர்களில்தான்.

லிண்ட்ஸே குழு வற்புறுத்திய ஆராய்ச்சியும் சுற்றுப்புறத்தினின்றே பிறந்தமைக்குச் சிறந்த சான்று, இக்கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியராயிருந்த கிஃப்ட் சிரோமணி. வாசலில் நம் பெண்மக்கள் இடும் புள்ளிக் கோலத்தை எடுத்துக்கொண்டு, எந்தப் புள்ளியைச் சுற்றி இழை எவ்வாறு வளைகிறது, எந்த விதியால் சிறிய கோலம் பெரிதாகிறது என்பதைக் கணித இலக்கணமாக வகுத்து, கணினி அறிவியலாரும் வியக்கும்வண்ணம் 1970களில் வெளியிட்டவர்கள் அவரும் அவர்தம் உடனாய்வாளரும். தாம்பரத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளையும் அவர் படித்துப் பதிவு செய்தார். இத்தகைய ஆராய்ச்சிக்குப் பிரமாதமான கருவிகள் தேவைப்படவில்லை. கூர்ந்து நோக்கும் பழக்கமும், நோக்குதற்குரிய பொருள் அருகிலிருத்தலுமே தேவைப்பட்டன.

இதற்கிடையில் வளாகத்தைச் சூழ்ந்த ஊர்கள் நகரமாயின. 2021இல் தாம்பரம் மாநகராட்சி உருவாயிற்று. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளை மூழ்கடித்தபோது, ஏரிகளையும் கால்வாய்களையும் மண்ணிட்டு மூடியதன் பலனைத் தாம்பரத்தின் மேற்குப்புற மக்கள் கழுத்தளவு நீரில் அனுபவித்தனர். மறு ஆண்டு டிசம்பர் 12இல் வர்தா புயல் சென்னைப் பிரதேசமெங்கும் மரங்களை வேரோடு சாய்த்தது. மழையை உள்வாங்கும் திறந்த நிலமும் மரநிழலும் இப்புறநகரங்களில் எவ்வளவு அரிதாயின என்பதை அறிய இவ்விரு நிகழ்ச்சிகளும் போதும்.

ஆதலின், வளாகத்தைப் புனரமைக்க விரும்புவோர் சூரியசக்தித் தகடுகளையும் புதிய ஆய்வுக்கூடங்களையும் பற்றிப் பேசுவதற்கு முன்னர், எந்தப் புதர்க்காட்டில் கட்டடம் எழலாகாது என்பதை வரைபடத்தில் குறித்து அதை மாற்றவியலாத விதியாக்குதல் வேண்டும். புயலில் காலியான இடங்களில் அயல்நாட்டு அலங்கார மரங்களை நடாமல் களாவும் காரையும் மீண்டும் முளைக்க விடுதல் வேண்டும். கிணறுகளின் நீர்மட்டத்தையும் பறவைகளையும் மரங்களையும் ஆண்டுதோறும் மாணாக்கரே அளந்து எழுதும் பதிவேடு ஒன்று இருக்குமாயின், அடுத்த கட்டடத்துக்கு அனுமதி கேட்பவர் முதலில் அதைப் புரட்டிப் பார்க்கும்படி நிர்வாகம் கட்டாயப்படுத்தலாம்.