திருமுழுக்குப் பதிவேடுகளில் ஞானப்பெற்றோர் பெயர்கள்: கொச்சி வழக்கை முன்வைத்து ஒரு பொருள்கோள்

1. முன்னுரை

குடும்ப வரலாறு தேடுவோர் பழைய கத்தோலிக்கத் திருமுழுக்குப் பதிவேட்டில் குழந்தை, தந்தை, தாய் ஆகிய மூவர் பெயர்களையே முதலில் படியெடுக்கின்றனர். ஞானப்பெற்றோர் பெயர்கள் வெறும் சாட்சிகளின் பெயர்களாக எண்ணப்பட்டு விடுபடுகின்றன. அல்லது அவற்றிலுள்ள குடும்பப்பெயர் குருதியுறவுக்குச் சான்றாகக் கொள்ளப்படுகிறது. முன்னதில் உள்ள உறவு மறைகிறது. பின்னதில் இல்லாத உறவு பிறக்கிறது. இவ்விரு பிழைகளுக்கும் மொழியியல் அடிப்படையில் விளக்கம் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கொச்சியும் அதனை ஒட்டிய மட்டாஞ்சேரியும் இவ்வாய்வுக்கு ஏற்ற களங்கள். இலத்தீன் மறைமாவட்டம் 1557இல் கொச்சியில் நிறுவப்பட்டது. தமிழில் அச்சான ‘கிரிசித்தியானி வணக்கம்’ 1579இல் கொச்சியில் வெளிவந்தது. சுரியானி மரபினர் 1653இல் கூனன் குரிசு உறுதிமொழி எடுத்தது மட்டாஞ்சேரியில். 1663இல் கொச்சி டச்சுக்காரர் வசமாயிற்று. ஆகவே இப்பகுதியில் ஒருவரின் பெயர் இலத்தீன், போர்த்துகீசியம், சுரியானி, மலையாளம், தமிழ் ஆகிய பல மொழிகளின் வழியே பயின்று வரக்கூடும்.

2. பதிவின் வாய்பாடு

திரெந்து பொதுச்சங்கம் 1563இல் ஞானப்பெற்றோர் எண்ணிக்கையை ஒருவர், அல்லது மிகுதியாக ஓர் ஆணும் ஒரு பெண்ணும் என வரையறுத்து, அவர்கள் பெயரை ஏட்டில் எழுதுமாறு பங்குக்குருவைப் பணித்தது. 1614ஆம் ஆண்டின் உரோமைச் சடங்குநூல் பதிவுக்கான வாய்பாட்டையும் தந்தது. அவ்வாய்பாட்டில் ஞானத்தந்தை இன்னாரின் மகன், இன்ன பங்கினர் என்றும், ஞானத்தாய் இன்னாரின் மனைவி என்றும் குறிக்க இடமுண்டு. அது முழுமையாகப் பின்பற்றப்பட்ட ஏட்டில், ஒரே பதிவிலிருந்து மற்றொரு குடும்பத்தின் ஒரு தலைமுறையையும் அறியலாம்.

மொழிபெயர்ப்பாளர் இங்கு மூன்று சொற்களில் விழிப்பாயிருத்தல் வேண்டும். ‘பத்ரினி’ என்பது இலக்கணப்படி ஆண்பாற் பன்மை. எனினும் ஆணும் பெண்ணும் அடங்கிய இணையையும் குறிக்கும். அதனை ‘ஞானத்தந்தையர்’ எனப் பெயர்ப்பது பொருந்தாது. ‘பத்ரினுஸ்’ ஞானத்தந்தை, ‘பத்ருவுஸ்’ தந்தையுடன் பிறந்தவர். கையெழுத்தில் சொல் சுருக்கப்படின் இவை மயங்கும். ‘நெப்போஸ்’ பேரனையும் குறிக்கும், உடன்பிறந்தாரின் மகனையும் குறிக்கும். பிற பதிவுகளின் துணையின்றி இதற்கு முடிவு காண இயலாது.

3. உறவுச்சொற்கள்

இலத்தீனில் ஞானப்பெற்றோர் குழந்தையைத் திருமுழுக்குத் தொட்டியிலிருந்து தூக்கி ஏற்பவர். மலையாளத்தில் அவர் தலைதொட்டப்பன், தலைதொட்டம்மை, செயல் தொடுதலாகிறது. தமிழிலோ ஞானத்தந்தை, ஞானத்தாய் எனச் செயல் மறைந்து உறவின் தன்மை முன்னிற்கிறது. ஞானஸ்நானம், ஞானோபதேசம் ஆகிய தொடர்களில் வரும் அதே ‘ஞான’ என்னும் அடையே இங்கும் வருகிறது. போர்த்துகீசிய ‘பாத்ரே’ தமிழில் ‘பாதிரி’ எனக் கடனாக நிலைபெற, அதே வேரிலிருந்து வந்த ‘பாத்ரீஞ்ஞோ’வுக்குத் தமிழ் தன் சொல்லைப் படைத்துக்கொண்டது குறிக்கத்தக்கது. பதவிப்பெயர் கடனாக வந்தது. உறவுப்பெயர் தமிழாக்கம் பெற்றது. ஞானத்தந்தைக்கும் குழந்தையின் தந்தைக்கும் இடையிலான உறவைப் போர்த்துகீசியம் ‘கொம்பாத்ரே’ என ஒரே சொல்லால் சுட்டும். இதனை ‘நண்பர்’ எனப் பெயர்ப்பின் ஓர் உறவே ஏட்டிலிருந்து நீங்கிவிடும்.

4. ஒருவர், பல பெயர்

குரு ஏட்டில் எழுதும் பெயர் வீட்டில் வழங்கும் பெயரன்று. ‘கியோர்கியுஸ்’ என எழுதப்பட்டவர் மலையாள வழக்கில் வர்க்கியாகவோ வறீதாகவோ இருக்கலாம். ‘யொசேபுஸ்’ ஔசேப்பாகவோ, தமிழ்க் குடும்பமாயின் சூசையாகவோ இருக்கலாம். ‘பேத்ருஸ்’ தமிழில் இராயப்பன், ‘யொவான்னெஸ்’ அருளப்பன். எனவே வேறுவேறு ஏடுகளில் இப்பெயர்கள் மாறி வருவதனால் மட்டும் ஆட்கள் வேறு எனக் கொள்ளலாகாது. இலத்தீன் வடிவம் ஒத்திருப்பதனால் மட்டும் ஆள் ஒருவரே எனவும் கொள்ளலாகாது. பங்கு, துணைவர், தந்தை பெயர் ஆகியவற்றுள் இரண்டேனும் பொருந்துதல் வேண்டும்.

5. குடும்பப்பெயரும் குருதியும்

1530களில் முத்துக்குளித்துறைப் பரதவரின் தூதுக்குழு கொச்சிக்கு வந்து திருமுழுக்குப் பெற்றது. அவர்களுக்கும் போர்த்துகீசியருக்கும் இடையே நின்றவர் ஜுவான் த குரூஸ். ‘த குரூஸ்’ என்னும் பெயர் பரதவ சாதித்தலைவர் மரபில் பின்னர் நிலைபெற்றது. இந்த ஜுவானும் போர்த்துகீசியர் அல்லர். 1513இல் லிஸ்பனுக்கு அனுப்பப்பட்டு ஆங்கே மதம் மாறிய மலபார்க்காரர். ஆக, அப்பெயர் இரு திருமுழுக்குகளின் வழியே வந்ததேயன்றிக் குருதி வழியே வந்ததன்று. கோவாவிலும் புதிதாக மதம் மாறியோர் ஞானத்தந்தையின் குடும்பப்பெயரை ஏற்றனர். பெரேரா, பர்னாந்து, கோமஸ் என்னும் பெயர்களைக் கொண்டு ஐரோப்பிய மூதாதையை ஊகிப்பது இதனால் பிழையாகும். முதல் தலைமுறையின் பதிவில் ஞானத்தந்தை யார் என்பதையே முதலில் நோக்குதல் வேண்டும்.

6. ஞான உறவும் மணத்தடையும்

திரெந்து விதிப்படி ஞானப்பெற்றோருக்கும் குழந்தைக்கும், ஞானப்பெற்றோருக்கும் குழந்தையின் பெற்றோருக்கும் இடையே மணத்தடை உண்டு. ஞானத்தந்தையின் மகனுக்கு அத்தடை இல்லை. தமிழ் உறவுமுறையில் இதன் விளைவு நுட்பமானது: தாய்மாமன் ஞானத்தந்தையானால், குருதியுறவால் ஏற்கெனவே உள்ள தடையோடு ஞானத்தடையும் அவருக்குச் சேரும், அவர் மகனுக்கு ஞான உறவால் புதுத்தடை எதுவும் நேராது. 1917ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு பெற்றோருடனான தடையை நீக்கியது. 1983ஆம் ஆண்டுத் தொகுப்பு இலத்தீன் திருச்சபையில் இத்தடையை முற்றிலும் விலக்கியது. 1990ஆம் ஆண்டுக் கீழைத் திருச்சபைகளின் தொகுப்போ அதனை நிலைநிறுத்தியது. ஆதலால் கொச்சிப் பகுதியின் ஏட்டைப் படிப்போர் அது எவ்வழிபாட்டு முறையினரது, எந்த ஆண்டினது என்பதை முதலில் அறிதல் தேவை.

7. முடிவுரை

ஞானப்பெற்றோர் பெயர் பிறப்புக்குச் சான்றன்று. ஒரு குடும்பம் யாரை நம்பித் தன் குழந்தையை ஒப்படைத்தது என்பதற்குச் சான்று. பதிவேடுகளைப் பெயர்ப்போர் மூலத்தின் பெயர் வடிவத்தை அவ்வாறே எழுத்துப்பெயர்த்து, வீட்டு வழக்கு வடிவத்தை அருகே தனியாகத் தருவதும், உறவுச்சொல்லை ஒருபோதும் விட்டுவிடாமையும் நலம். தாம் யார் என்று தேடி வருவோர்க்கு ஒரு சொல்லின் பிழை ஒரு மூதாதையின் பிழையாகிவிடும்.