சுழலும் குண்டும் கடலூரில் மறைந்த பொறியாளரும்

தைப்பூசமும் பங்குனி உத்திரமும் வந்துவிட்டால் பழனி அடிவாரத்தில் கடைகள் பெருகிவிடும். திருவிழா முடிந்து ஆயக்குடி முதலிய சுற்றுவட்டார ஊர்களுக்குத் திரும்பும் சிறுவர்களின் கைகளில் ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கியைப் பெரும்பாலும் காணலாம். 'ஸ்பிரிங்' என்று நாம் வழங்கும் சுருள்வில் ஒன்று அதனுள் இருக்கிறது. சுருள்வில் ஓர் உந்துதண்டைத் தள்ள, உந்துதண்டு காற்றைத் தள்ள, காற்று மிளகைவிடச் சற்றே பெரிய மஞ்சள் நிறக் குண்டைத் தள்ளுகிறது.

இந்த எளிய பொம்மைக்கு வெளிநாடுகளில் வசதியான உறவினர் ஒருவர் உண்டு. அதற்கு 'ஏர்சாஃப்ட்' என்று பெயர். உண்மைத் துப்பாக்கியைப் போலவே தோற்றம். வெளிவருவதோ 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டு. இரு குழுக்களாகப் பிரிந்து கண்ணாடி, முகமூடி அணிந்து விளையாடுவார்கள். வாங்கிய துப்பாக்கியை வாங்கியபடியே வைத்திருப்பவர்கள் இவர்களில் குறைவு. உதிரி உறுப்புகளைத் தனியே வாங்கி, கழற்றி, மாட்டி, மாற்றியமைப்பது பாதி விளையாட்டு.

இவ்வுறுப்புகளுள் எது உண்மையிலேயே பயன் தருவது? பலரும் வலிமையான சுருள்வில்லையே கூறுவர். விடையோ நகத்தளவு ரப்பர்த் துண்டு ஒன்றில் இருக்கிறது. அதன் வரலாற்றைப் பின்தொடர்ந்தால், 1751ஆம் ஆண்டு நம் கடலூரில் உயிர்நீத்த ஒரு கணித வல்லுநரிடம் போய்ச் சேருவோம்.

ஜப்பானில் பிறந்த விளையாட்டு

ஜப்பானில் 1958ஆம் ஆண்டுச் சட்டம் பொதுமக்கள் துப்பாக்கி வைத்திருப்பதை மிகக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. துப்பாக்கிகளில் ஆர்வம் கொண்டவர்கள் சுட இயலாத உலோக மாதிரிகளைச் சேகரித்து வந்தனர். 1971இல் அந்த மாதிரிக் கைத்துப்பாக்கிகளுக்கும் கட்டுப்பாடு வந்தது. பின்னர் பிளாஸ்டிக்கால் ஆன, காற்றால் இயங்கும் மாதிரிகள் பெருகின. ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துச் சுடுவதே தொடக்கத்தில் வழக்கம். 1991இல் டோக்கியோ மருயி நிறுவனம் மின்கலத்தால் இயங்கும் துப்பாக்கியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சிறு மின்மோட்டார் ஒன்று பற்சக்கரங்களின் வழியாக உந்துதண்டைப் பின்னுக்கு இழுத்து விடும். சுருள்வில் அதை முன்னே தள்ளும். இந்த வகை உலகெங்கும் பரவியது. உறுப்புகளின் அளவுகள் பெரிதும் ஒத்திருந்தமையால், ஒருவர் செய்த பற்சக்கரம் இன்னொருவர் செய்த துப்பாக்கியிலும் பொருந்தியது. உதிரி உறுப்புச் சந்தை இவ்வாறு வளர்ந்தது.

வெளிப்புற உறுப்புகளுக்கும் இத்தகைய பொது அளவு ஒன்று கிடைத்தது. அமெரிக்க இராணுவம் 1995இல், தொலைநோக்கி முதலியவற்றை மாட்டுவதற்கான பள்ளங்கள் கொண்ட தண்டவாளம் போன்ற அமைப்புக்கு அளவுகளை வரையறுத்தது. நியூஜெர்சியில் உள்ள ஆயுதச் சாலையின் பெயரால் அதைப் பிகாடினி தண்டவாளம் என்பர். விளையாட்டுத் துப்பாக்கி செய்பவர்களும் அதே அளவைப் பின்பற்றினர். குறிபார்க்கும் கருவி, விளக்கு, கைப்பிடி என எதையும் எதிலும் மாட்டலாம் என்றாயிற்று.

ஆனால் இவையெல்லாம் தோற்றத்தையும் வசதியையும் மாற்றுவனவேயன்றி, குண்டின் பாதையை மாற்றுவன அல்ல. ஒலியடக்கி போன்ற குழாயையே எடுத்துக்கொள்வோம். இங்கு வெடிமருந்து இல்லை. எழும் ஓசையில் பெரும்பகுதி உந்துதண்டு மோதும் ஓசையும் பற்சக்கரங்களின் ஓசையுமே. முனையில் மாட்டும் குழாய் அவற்றை எவ்வாறு அடக்கும்? நீண்ட குழாயும் அப்படியே. உந்துதண்டு ஒரு முறைக்குத் தள்ளும் காற்றின் அளவு வரையறைக்கு உட்பட்டது. அக்காற்றுக்குப் போதாத அளவு குழாய் நீண்டுவிட்டால், குண்டின் வேகம் கூடுவதற்குப் பதிலாகக் குறையவே செய்யும்.

சுருள்வில்லின் கணக்கு

இனி வலிமையான சுருள்வில்லைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 0.2 கிராம் குண்டு 0.98 ஜூல் ஆற்றலுடன் வெளிவருகிறது எனக் கொள்வோம். இயக்க ஆற்றலின் சூத்திரப்படி அதன் வேகம் வினாடிக்கு 99 மீட்டர். அதை 1.5 மீட்டர் உயரத்திலிருந்து கிடைமட்டமாகச் சுட்டால், தரையை அடைய ஏறத்தாழ 0.55 வினாடி ஆகும். காற்றே இல்லாவிடில் இந்நேரத்தில் குண்டு 55 மீட்டர் சென்றிருக்கும்.

ஆனால் காற்று இருக்கிறதே! இக்குண்டு புறப்படும் கணத்தில் அதை எதிர்க்கும் காற்றின் விசை, குண்டின் எடையைப் போலச் சுமார் 38 மடங்கு. இத்தடையையும் சேர்த்துக் கணக்கிட்டால், குண்டு 30 மீட்டருக்குள்ளாகவே தரையைத் தொடுகிறது. அப்போது அதன் வேகம் தொடக்க வேகத்தில் மூன்றில் ஒரு பங்குதான்.

சரி, ஆற்றலை இரட்டிப்பாக்கும் சுருள்வில்லைப் போடுவோம். வேகம் இரட்டிப்பாகாது, இரண்டின் வர்க்கமூலம் அளவுக்கே உயரும், அதாவது வினாடிக்கு 140 மீட்டர். வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் காற்றின் தடையும் வளரும். குண்டு செல்லும் தொலைவு 30 மீட்டரிலிருந்து சுமார் 36 மீட்டராகிறது; அவ்வளவே. எதிரே நிற்பவரின் மேல் மோதும் ஆற்றலோ, அருகில் நின்று சுட்டால் இரட்டிப்பு. ஆதாயம் ஐந்தில் ஒரு பங்கு. ஆபத்து இரு மடங்கு.

காற்றை எண்ணிப் பார்த்தவர்

காற்றின் தடை இவ்வளவு பெரியது என்பதை முதன்முதலில் அளந்து காட்டியவர் பெஞ்சமின் ராபின்ஸ். 1707இல் இங்கிலாந்தின் பாத் நகரில் பிறந்தவர். எறியப்பட்ட பொருளின் பாதை பரவளையம் என்று கலிலியோ 1638இல் விளக்கியிருந்தார். பீரங்கி வீரர்களோ அதை அப்படியே பீரங்கிக் குண்டுக்கும் பொருத்தி, காற்றைப் பொருட்படுத்தாமல் விட்டிருந்தனர்.

குண்டின் வேகத்தை அளக்க ராபின்ஸ் ஓர் ஊசலைக் கையாண்டார். தொங்கும் மரப்பலகையில் குண்டைச் சுட்டார். குண்டு பதிந்த பலகை எவ்வளவு தூரம் ஆடியது என்பதை அதனுடன் இணைத்த நாடாவைக் கொண்டு அளந்தார். உந்த அழிவின்மை விதியால் குண்டின் வேகம் தெரிந்தது. வெவ்வேறு தொலைவுகளில் பலகையை வைத்து அளந்தபோது, குண்டு வழியில் இழந்த வேகமும் தெரிந்தது. தடை, குண்டின் எடையைப் போலப் பல மடங்கு என்பது வெளிப்பட்டது. இம்முடிவுகளை 1742இல் நூலாக வெளியிட்டார். மாபெரும் கணித மேதை ஆய்லர் 1745இல் அதை ஜெர்மன் மொழியில் பெயர்த்து, விரிவான உரையும் எழுதினார்.

நம் மாணவர்களும் இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். மேற்கூறிய 0.2 கிராம் குண்டு, 1 மீட்டர் நூலில் தொங்கும் 100 கிராம் களிமண் உருண்டையில் பதிந்தால், உருண்டை சுமார் 6 சென்டிமீட்டர் விலகும். வினாடிக்கு 99 மீட்டர் வேகத்தை ஒரு சாதாரண அளவுகோலே காட்டிக்கொடுக்கிறது!

வளைந்த குழாய்

ராபின்சை வியக்க வைத்தது இன்னொன்று. அக்காலத் துப்பாக்கிகளின் குண்டுகள் நேரே செல்வதில்லை. ஒரு முறை இடப்பக்கம், ஒரு முறை வலப்பக்கம் என்று விலகின. குண்டு குழாயின் சுவரில் உராய்ந்து சுழல்வதே காரணம் என்று அவர் கருதினார். எப்படி மெய்ப்பிப்பது?

துப்பாக்கிக் குழாயின் வாய்ப் பகுதியைச் சிறிது இடப்பக்கமாக வளைத்தார். குண்டு செல்லும் வழியில் மெல்லிய தாள்திரைகளைத் தொங்கவிட்டார். வளைவில் திரும்பும் குண்டு, வண்டி வளைவில் திரும்பும்போது நாம் வெளிப்பக்கம் சாய்வதுபோல, குழாயின் வலச்சுவரை ஒட்டியே உருண்டு வரும். அதனால் குண்டின் வலப்புறம் பின்னுக்கு இழுக்கப்பட்டு, குண்டு சுழலும். தம் கருத்து சரியானால் குண்டு வலப்பக்கம் திரும்பவேண்டும் என்றார் ராபின்ஸ். அவ்வாறே நிகழ்ந்தது. முதலில் குழாயின் போக்கில் இடப்பக்கமாகத் திரைகளைத் துளைத்த குண்டு, போகப்போக வளைந்து நடுக்கோட்டைக் கடந்து வலப்பக்கம் போய் விழுந்தது.

எந்தப் பக்கம் உராய்ந்ததோ, அந்தப் பக்கமே குண்டு திரும்பும். இதுதான் அச்சோதனையின் சாரம். சுழலும் பரப்பு தன்னை ஒட்டிய காற்றை இழுத்துச் சென்று ஒரு பக்கமாகத் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி காற்று குண்டை மறுபக்கம் தள்ளுகிறது.

ஆய்லர் இதை ஏற்கவில்லை. குண்டின் வடிவக் குறையே காரணம் என்றார். மேதைக்கு எதிரே சோதனை நின்றது, சோதனையே வென்றது. டென்னிஸ் பந்து வளைவதை நியூட்டன் 1672லேயே குறிப்பிட்டிருந்தார். பின்னாளில் பெர்லின் பௌதிக அறிஞர் மாக்னஸ் 1852இல் சுழலும் உருளையைக் கொண்டு இதை ஆராய்ந்தார். பெயரும் அவருக்கே போயிற்று: இன்று இது மாக்னஸ் விளைவு.

1747இல் ராபின்ஸ் இன்னொன்றையும் விளக்கினார். குழாயின் உள்ளே புரி வெட்டினால், குண்டு தான் செல்லும் திசையையே அச்சாகக் கொண்டு சுழலும். எனவே பக்கவாட்டில் விலகாது. படைகள் பரவலாகப் புரிக்குழாய்த் துப்பாக்கிக்கு மாற மேலும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

தேவனாம்பட்டினத்தில் முடிவு

1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றினர். கிழக்கிந்தியக் கம்பெனி தன் தலைமையகத்தைக் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில் இருந்த செயின்ட் டேவிட் கோட்டைக்கு மாற்றிக்கொண்டது. உடன்படிக்கையின்படி சென்னை திரும்பக் கிடைத்ததும், கோட்டைகளைச் சீரமைக்க வல்லவர் தேவைப்பட்டார். கம்பெனி ராபின்சைத் தலைமைப் பொறியாளராக அமர்த்தியது. 1750ஆம் ஆண்டு ஜூலையில் அவர் வந்து சேர்ந்தார். சில மாதங்களுக்குள் காய்ச்சல் கண்டது. மீண்டும் பணியில் இறங்கியவர், 1751ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள் செயின்ட் டேவிட் கோட்டையில் காலமானார். வயது 44. 1758இல் அந்தக் கோட்டையையும் பிரெஞ்சுப் படை பிடித்து இடித்தது.

ரப்பர்த் துண்டின் மாயம்

இப்போது நம் விளையாட்டுத் துப்பாக்கிக்குத் திரும்புவோம். அதன் குழாய் தொடங்கும் இடத்தில், மேற்புறமாக ஒரு சிறு ரப்பர் மொட்டு நீட்டிக்கொண்டிருக்கும். அதை 'ஹாப்-அப்' என்பர். குண்டு அதைக் கடக்கும்போது அதன் தலைப்புறம் உராய்ந்து பின்னுக்கு இழுக்கப்படுகிறது. குண்டு பின்சுழற்சி பெறுகிறது. ராபின்சின் விதி என்ன? உராய்ந்த பக்கமே திரும்பும். உராய்ந்தது மேற்பக்கம், எனவே குண்டு மேல்நோக்கித் தூக்கப்படுகிறது. அத்தூக்குவிசை குண்டின் எடையை ஏறத்தாழச் சமன் செய்தால் குண்டு தாழாமல் மிதந்து செல்லும். ராபின்ஸ் வலச்சுவரில் செய்ததை இத்துண்டு மேற்சுவரில் செய்கிறது. வேறுபாடு அவ்வளவே.

சுருள்வில்லை மாற்றாமலே குண்டு 45, 50 மீட்டர் வரை செல்கிறது. ஆற்றலை இரட்டித்தும் 36 மீட்டர்தான் கிடைத்தது என்பதை நினைவிற்கொள்க. அழுத்தம் மிகுந்தால் குண்டு மேலே ஏறிப் பிறகு விழும். குறைந்தால் விரைவில் தாழும். எடை கூடிய குண்டுக்குச் சுழற்சியும் கூட வேண்டும். ஆகவே மொட்டைத் திருகி அமைக்கச் சிறு சக்கரம் உண்டு. வண்ணக் குண்டு எறியும் 'பெயின்ட்பால்' விளையாட்டில், குழாயையே சற்று வளைத்துப் பின்சுழற்சி தரும் உறுப்பும் விற்பனைக்கு வந்தது. ராபின்ஸ் கண்டிருந்தால் புன்னகை பூத்திருப்பார்!

இவ்விளைவைக் காணத் துப்பாக்கி வேண்டியதில்லை. தாளைச் சுருட்டி ஒட்டி ஒரு இலேசான உருளை செய்யுங்கள். மேசைமேல் சாய்த்த பலகையில் உருளவிடுங்கள். விளிம்பைத் தாண்டிய உருளை முன்னே போய் விழாமல், வளைந்து மேசைக்கு அடியில் வந்து விழும்.

எல்லைக் கோடு

மாற்றியமைப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. ஜப்பானில் 2005இல், ஆற்றல் மிகும்படி மாற்றிய துப்பாக்கிகளால் சாலையில் சென்ற கார்களைச் சிலர் சுட்டனர். 2006இல் சட்டம் திருத்தப்பட்டது. குண்டின் குறுக்குப் பரப்பில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 3.5 ஜூல் என எல்லை வகுத்தனர். 6 மில்லிமீட்டர் குண்டுக்கு அது சுமார் 0.98 ஜூல், நாம் மேலே கணக்கிட்ட அதே அளவு.

நம் நாட்டில் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள், 20 ஜூலுக்கு மேற்பட்ட ஆற்றலோ 4.5 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட குழாய் விட்டமோ உள்ள காற்றுத் துப்பாக்கிகளை உரிமம் வேண்டுவனவற்றுள் சேர்த்துள்ளன. 6 மில்லிமீட்டர் அதைவிடப் பெரிது என்பதை, வெளிநாட்டிலிருந்து தருவிக்க எண்ணுவோர் மறக்கலாகாது. போலித் துப்பாக்கியை உண்மைத் துப்பாக்கியாக உரிமமின்றி மாற்றுவதை 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 6ஆம் பிரிவு தடுக்கிறது.

சட்டத்தினும் அருகில் இருப்பது கண். தோலில் சிவந்த தழும்போடு போகும் ஒரு ஜூல் குண்டு, கண்ணில் பட்டால் உள்ளே இரத்தம் கசியச் செய்யும். பார்வையையே பறிக்கவும் கூடும். திருவிழாக் கடையில் வாங்கிய துப்பாக்கிக்கும் இது பொருந்தும். முகத்துக்கு நேரே நீட்டக்கூடாது என்பதைப் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிவிட்டுப் பிறகு கையில் கொடுங்கள்.

விசையைக் கூட்டினால் எல்லாம் கூடும் என்பது கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். ராபின்ஸ் தோன்றியதை நம்பவில்லை. பலகையைத் தொங்கவிட்டு அளந்தார், திரையைத் தொங்கவிட்டுப் பார்த்தார். தேவனாம்பட்டினத்துக் கோட்டை இடிந்து போயிற்று. அவர் அளந்து கண்ட உண்மையோ, மைதானத்தில் சுழற்பந்து வளையும்போதும், குழந்தையின் கையில் மஞ்சள் குண்டு பறக்கும்போதும் இன்றும் வேலை செய்கிறது.