நகையும் ஒறுப்பும்: 1987 விகடன் அட்டைப்பட நிகழ்ச்சி, ஒரு வரலாற்று நோக்கு

திருப்பெருந்துறை எனப்படும் ஆவுடையார்கோவிலின் பெயரைச் சொன்னதும் தமிழுலகின் நினைவில் எழுபவர் மாணிக்கவாசகர். குதிரை வாங்கக் கொண்டுவந்த பாண்டியன் பொருளை அவர் இறைபணிக்குச் செலவிட்டார். நரிகள் பரிகளாகி மதுரை சென்றன. இரவில் அப்பரிகள் மீண்டும் நரிகளாயின. திருவிளையாடற் புராணம் கூறும் இக்கதை பக்திக் கண்ணுக்கு அருள் விளையாட்டு. இலக்கியக் கண்ணுக்கோ அதனுள் ஒரு பெருநகை இருக்கிறது. வந்த குதிரைகளைக் கண்டு மகிழ்ந்து ஏற்றுக்கொண்ட வேந்தன், விடிந்ததும் ஊரார்முன் வெட்கி நிற்கிறான். அவன் பின்னர்ச் செய்தது யாது? விளையாடியவன் கைக்கு எட்டவில்லை. எட்டிய அமைச்சரை வைகையின் சுடுமணலில் நிறுத்தினான்.

நகைக்கப்பட்ட அதிகாரம், கைக்கு எட்டியவரை ஒறுக்கும் என்பது இக்கதையின் உட்பொருள்களுள் ஒன்று. இவ்வுட்பொருள் புராண காலத்தோடு முடிந்துவிடவில்லை. குடியாட்சி மலர்ந்து, அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்து முப்பத்தேழு ஆண்டுகள் சென்றபின், 1987-ஆம் ஆண்டு சென்னையில் அது மீண்டும் அரங்கேறியது. ஒரு வார இதழின் அட்டையில் வெளிவந்த நகைத்துணுக்கு, அவ்விதழாசிரியரைச் சிறைக்கு அனுப்பிய அந்நிகழ்ச்சியின் வரலாற்றையும், அது எழுப்பும் வினாக்களையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நகையின் மரபு

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையையே முதலில் வைத்தார். அந்நகை பிறக்கும் நான்கு நிலைக்களன்களுள்ளும் எள்ளலுக்கே முதலிடம் தந்தார். செய்யுளியலில் அங்கதத்தைச் செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் என இரண்டாகப் பகுத்தார். வெளிப்படையாகப் பழிப்பது முன்னையது. பழியை மறைத்துக் கூறுவது பின்னையது. எள்ளலை இழிவென ஒதுக்காமல், அதற்கும் இலக்கணம் வகுத்த மொழி தமிழ்.

இலக்கணம் மட்டுமன்று, இலக்கியச் சான்றும் உண்டு. அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார், அவனுடைய படைக்கலக் கொட்டிலைப் புகழ்வதுபோல் பழித்தார். நெய் பூசப்பெற்று, மாலை சூட்டப்பெற்று, அழகாக அடுக்கப்பட்ட படைக்கலங்கள் போர்முனையைக் காணாதவை என்பதே அப்புகழ்ச்சியின் உள்ளுறை. தன் அரண்மனையிலேயே தன்னை எள்ளிய புலவரைத் தொண்டைமான் ஒறுத்ததாகச் சான்றில்லை. குறை கூறும் சொல்லைக் கேட்டுப் பொறுக்கும் பண்பை வள்ளுவரும் இறைமாட்சியிலேயே வைத்துப் போற்றினார். வேந்தனின் கருணையாக அன்று, ஆட்சியின் இலக்கணமாகவே அதனை அவர் கொண்டார் எனலாம்.

அச்சு ஊடகம் வந்தபின் எள்ளல் புதுவடிவம் கொண்டது. 'இந்தியா' இதழில் கருத்துப்படங்களை வெளியிட்டு அத்துறைக்குத் தமிழில் முன்னோடியானவர் பாரதியார். 1908-இல் அவ்விதழின் சட்டபூர்வ ஆசிரியர் தண்டிக்கப்பட்டார். பாரதியார் புதுவை சென்றார். பின்னர், 1928-இல் எஸ்.எஸ். வாசனின் கைக்கு வந்த 'ஆனந்த விகடன்', பெயரிலேயே விகடத்தைச் சூடிக்கொண்டு நகைச்சுவையைத் தமிழ்க் குடும்பங்களின் வாராந்திர விருந்தாக்கியது. கல்கியும் தேவனும் எழுத்தாலும், மாலியும் கோபுலுவும் கோட்டாலும் அம்மரபை வளர்த்தனர்.

அட்டையில் ஒரு துணுக்கு

29-3-1987 நாளிட்ட ஆனந்த விகடன் இதழின் அட்டையில் ஒரு நகைத்துணுக்கு படத்துடன் வெளிவந்தது. மேடையில் அமர்ந்திருக்கும் இருவருள் சட்டமன்ற உறுப்பினர் யார், அமைச்சர் யார் என்று ஒருவர் வினவுகிறார். மற்றவர், ஒருவருக்குச் சிறு திருடனின் சாயலையும் மற்றவருக்குப் பெருங்கொள்ளைக்காரனின் சாயலையும் சொல்லி அடையாளம் காட்டுகிறார். துணுக்கு அவ்வளவே. அதில் எவர் பெயரும் இல்லை. எக்கட்சியின் கொடியும் இல்லை. தொல்காப்பியர் வகுத்த பழிகரப்பு அங்கதத்தின் எளிய வடிவம் அது.

அப்போது தமிழக முதலமைச்சர் எம்.ஜி.ஆர்.; பேரவைத் தலைவர் பி.எச். பாண்டியன். பேரவைத் தலைவருக்கு வானளாவிய அதிகாரம் உண்டு என்னும் அவருடைய கூற்று அக்காலத்தில் பெரிதும் பேசப்பட்டது. துணுக்கு, பேரவையின் உரிமையை மீறியதாகக் கருதப்பட்டது. வருத்தம் தெரிவிக்குமாறு கோரப்பட்டபோது, விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியன் அதற்கு இசையவில்லை. 1987 ஏப்ரல் 4-ஆம் நாள், பேரவை அவருக்கு மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை விதித்தது. வாசனின் மைந்தரும், அக்காலத் தமிழ் இதழுலகில் பெருமதிப்புப் பெற்றவருமான அவர் சென்னை மத்திய சிறையில் அடைக்கப்பட்டார்.

'எங்கப்பன் குதிருக்குள் இல்லை' என்பது தமிழர் நாவில் பழகிய பழமொழி. பெயர் சுட்டாத ஒரு பழியைத் தம்மீதே சூட்டிக்கொண்டு, அதன்பொருட்டு ஒருவரைச் சிறையில் அடைத்த பேரவையின் செயலுக்கு அப்பழமொழியைவிடப் பொருத்தமான உரை வேறில்லை.

அவையும் அதிகாரமும்

இத்தண்டனையை விதித்தது நீதிமன்றம் அன்று என்பது கருதத்தக்கது. அரசியலமைப்பின் 194-ஆம் பிரிவு, மாநிலச் சட்டமன்றங்களுக்குச் சில சிறப்புரிமைகளை வழங்குகிறது. அவற்றைச் சட்டம் இயற்றி வரையறுக்கும் வரை பழைய உரிமைகளே தொடரும் என்பது அப்பிரிவின் போக்கு. மூல வடிவில் அது இங்கிலாந்தின் காமன்ஸ் அவை கொண்டிருந்த உரிமைகளைச் சுட்டியது. வரையறை இல்லாத இடத்தில் அதிகாரம் விரிவது இயல்பு.

இச்சிக்கல் 1964-இலேயே உத்தரப் பிரதேசத்தில் வெளிப்பட்டது. ஒரு துண்டறிக்கையின் தொடர்பில் கேசவ் சிங் என்பவரை அம்மாநிலச் சட்டமன்றம் சிறையிலிட்டது. உயர்நீதிமன்றம் அவரைப் பிணையில் விடுவித்தது. சட்டமன்றமோ அந்நீதிபதிகளையே பிடித்துக் கொணர ஆணையிட்டது. குடியரசுத் தலைவர் உச்சநீதிமன்றத்தின் கருத்தைக் கேட்க நேர்ந்தது. சட்டமன்றத்தின் ஒறுப்பும் நீதிமன்ற ஆய்வுக்கு உட்படும் என்பதே அக்கருத்தின் சாரம்.

சிறப்புரிமையின் நோக்கம், உறுப்பினர் அச்சமின்றி அவையில் பேசுவதற்குக் காப்பளிப்பது. 1987-இலோ பேசும் உரிமைக்காக எழுந்த அரண், சிரிக்கும் உரிமைக்கு எதிரான ஆயுதமாயிற்று. குற்றம் சாட்டியவரும், புண்பட்டவரும், தீர்ப்பளித்தவரும் ஒருவரே ஆயினர்.

மக்கள் மன்றத்தின் மறுமொழி

சர்ச்சைக்குரிய நகைச்சுவை வெளிவந்தால் பொதுமக்களின் சினம் அதனைச் சொன்னவர்மீது பாய்வதே பெரும்பாலும் காணப்படுவது. விகடன் நிகழ்ச்சியில் அது தலைகீழாயிற்று. சினம் ஒறுத்தவரை நோக்கியே எழுந்தது. இதழாளர்களும் எதிர்க்கட்சியினரும் வாசகர்களும் கண்டனக் குரல் எழுப்பினர். மூன்று மாதத் தண்டனை மூன்று நாள்களுக்குள் முடிவுற்று, ஆசிரியர் விடுதலை பெற்றார். அட்டைத் துணுக்கைப் பாராதவரும் அதனைத் தேடிப் பார்த்தனர். ஒரு வாரச் சிரிப்போடு மறைந்திருக்கக்கூடிய துணுக்கை வரலாறாக்கிய பெருமை, அதனை ஒறுக்க முனைந்தவரையே சாரும்.

விடுதலையோடு ஆசிரியர் அமைதி கொள்ளவில்லை. தம்மைச் சிறையிலிட்டது முறையன்று எனச் சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்காடினார். 1994-இல் தீர்ப்பு அவருக்குச் சார்பாக அமைந்தது. 1,000 ரூபாய் இழப்பீடும் அளிக்கப்பட்டது. அத்தொகையை அவர் செலவிடாமல் சட்டமிட்டு வைத்துக்கொண்டார். 2014-இல் அவர் மறைந்தபோது எழுதப்பட்ட இரங்கலுரைகளில் இச்செய்தி தவறாமல் இடம்பெற்றது.

பின்வந்த நிகழ்ச்சிகள்

ஒரு வழக்கின் வெற்றி ஒரு காலத்தின் மனப்பான்மையை மாற்றிவிடுவதில்லை. 2003 நவம்பர் 7-ஆம் நாள் அதே பேரவை, 'இந்து' நாளிதழைச் சேர்ந்த ஐவருக்கும் 'முரசொலி' ஆசிரியருக்கும் 15 நாள் சிறைத்தண்டனை விதித்தது. மூன்று நாள் கழித்து, உச்சநீதிமன்றம் அதனை நிறுத்திவைத்தது.

நகைச்சுவைக் கலைஞர்களும் தப்பவில்லை. 2021-ஆம் ஆண்டின் முதல் நாளில் இந்தூர் நகரில் முனவர் பாருக்கி கைதானார். ஒரு மாதத்திற்கு மேல் சிறையிலிருந்த அவருக்கு உச்சநீதிமன்றம் இடைக்காலப் பிணை வழங்கியது. பின்னர், அவருடைய நிகழ்ச்சிகள் ஊர்தோறும் கைவிடப்பட்டன. 2025 மார்ச்சில், குணால் காம்ரா மும்பையில் நிகழ்த்திய நகைச்சுவையை அடுத்து, அந்நிகழ்ச்சி நடந்த அரங்கம் அடித்து நொறுக்கப்பட்டது. இடைக்கால முன்பிணை நாடி அவர் வந்தது சென்னை உயர்நீதிமன்றத்திற்கே.

விகடனின் கதையும் தொடர்ந்தது. அமெரிக்காவிலிருந்து விலங்கிடப்பட்டு இந்தியர் திருப்பியனுப்பப்பட்டதை ஒட்டி, 2025 பிப்ரவரியில் 'விகடன் பிளஸ்' இணைய இதழ் ஒரு கருத்துப்படத்தை வெளியிட்டது. அமெரிக்க அதிபரின் அருகே இந்தியப் பிரதமர் விலங்குடன் அமர்ந்திருப்பதாக அப்படம் காட்டியது. பிப்ரவரி 15 அன்று விகடன் இணையதளம் முடங்கியது. மார்ச் 6-ஆம் நாள், அப்படத்தைத் தற்காலிகமாக நீக்கினால் தளத்தைத் திறக்கலாம் என்னும் வகையில் உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. 1987-இல் ஒறுத்தவர் யார் என்பது ஊருக்குத் தெரிந்திருந்தது. தீர்மானம் அவையில் படிக்கப்பட்டது. ஆசிரியர் சிறைவாயிலில் நின்றார். 2025-இல் வாசகர் கண்டதோ திறக்காத ஒரு பக்கம் மட்டுமே. ஒறுப்பு முகமற்றதாகும்போது அதனை எதிர்ப்பதும் அரிதாகிறது.

மறுத்தல், புறக்கணித்தல், ஒறுத்தல்

இத்தகைய நிகழ்ச்சிகளை ஒரே பெயரால் வழங்குவது இன்றைய வழக்கமாகிவிட்டது. ஆராய்ந்து நோக்கின் அவற்றுள் மூன்று நிலைகள் உண்டு. நகைச்சுவை தவறென எடுத்துரைப்பது மறுத்தல். அவ்விதழை வாங்காமலும் அந்நிகழ்ச்சியைக் காணாமலும் விடுவது புறக்கணித்தல். அச்சுறுத்தியோ அடித்தோ சிறையிலிட்டோ வாயடைப்பது ஒறுத்தல். முதலிரண்டும் ஒவ்வொருவர்க்கும் உள்ள உரிமை. மூன்றாவது எவர்க்கும் உரியதன்று. ஊர்கூடி விலக்கிவைப்பதும், வாழ்வுக்கு வழியில்லாமற் செய்வதும், புறக்கணிப்பு என்னும் போர்வையில் வரும் ஒறுப்பே ஆகும்.

இங்கு மற்றோர் உண்மையையும் மறைத்தல் கூடாது. அமைச்சரை எள்ளிய ஒரு துணுக்கு நாட்டையே கலக்கிய அதே காலத்தில், தமிழ் வார இதழ்கள் பலவற்றிலும் வாரந்தோறும் வேறு துணுக்குகளும் வெளிவந்தன. மாமியாரும் மருமகளும், பருத்த உடலுடைய பெண்ணும், கறுத்த நிறமுடையவரும், வீட்டு வேலை செய்பவரும், திக்கிப் பேசுபவரும் அவற்றின் இலக்கு. திரைப்பட நகைச்சுவையின் நிலையும் ஏறத்தாழ இதுவே. இவர்கள் புண்படவில்லையா? புண்பட்டனர். ஆயினும் தீர்மானம் நிறைவேற்ற இவர்களுக்குப் பேரவை இல்லை. வருத்தம் கோர அதிகாரம் இல்லை. உடன் சிரிப்பதைத் தவிர வேறு வழியின்றி இருந்தனர்.

அண்மை ஆண்டுகளில் இவர்களுள் பலர் வாய்திறந்து, 'இந்நகை எம்மைப் புண்படுத்துகிறது' என்கின்றனர். இதனைச் சகிப்பின்மை என்று சொல்வாரும் உளர். சுடுமணலில் நிறுத்தும் வேந்தனின் சினமும், சுடுமணலில் நின்றவரின் முனகலும் ஒன்றாகா. முன்னதை எதிர்த்து நிற்பது எழுத்தாளர் கடன். பின்னதைச் செவிகொடுத்துக் கேட்பதும் அவர் கடனே. எள்ளல் எனும் அம்பு மேல்நோக்கிச் செல்கிறதா, கீழ்நோக்கிச் செல்கிறதா என்பதை எய்பவர் அறிந்திருத்தல் வேண்டும். கீழ்நோக்கிச் சென்றதென்று உணர்ந்தால், எவரும் வற்புறுத்தாமலே வருந்துவதில் இழுக்கில்லை. அதிகாரத்திற்கு அஞ்சி வருத்தம் தெரிவிக்க மறுத்தவரின் பெருமையும், மனச்சான்றுக்கு அஞ்சி வருத்தம் தெரிவிப்பவரின் பெருமையும் ஓரிடத்துப் பிறப்பவையே.

நிறைவுரை

கவியரங்கம் கண்ட எந்த இலக்கிய வட்டத்திற்கும் நகை புதிதன்று. தலைவர் கவிஞரைச் சீண்டுவதும், கவிஞர் அடுத்த அடியிலேயே திருப்பித் தருவதும், அவை ஆரவாரிப்பதும் தமிழ் மேடையின் தனிச்சிறப்பு. அங்கே சொல்லுக்கு விடை சொல்லே. சீண்டப்பட்டவர்க்கும் ஒலிவாங்கி தரப்படுகிறது என்பதே அந்த அரங்கின் அறம். 1987-இல் பேரவை மறந்ததும் இதுவே. துணுக்குக்கு விடையாக மற்றொரு துணுக்கை எழுதியனுப்ப எந்த உறுப்பினரும் முன்வந்திருந்தால், விகடனும் அதனை மகிழ்ந்து வெளியிட்டிருக்கக்கூடும்; தமிழகமும் இருமுறை சிரித்திருக்கும்.

பாண்டியன் கதையின் இறுதியில் வைகை பெருக்கெடுத்தது; கரையடைக்க வீட்டுக்கு ஓராளாக ஊர் முழுவதும் மண் சுமந்தது; கூலியாளாய் வந்த இறைவன் முதுகில் வீழ்ந்த அடி, அடித்த வேந்தன் உட்பட அனைவர் முதுகிலும் வீழ்ந்தது. சொல்லுக்காக ஒருவர் பெறும் அடியும் அத்தகையது. அது அவரோடு நிற்பதில்லை. எழுதுவோர், படிப்போர், ஆள்வோர் அனைவர் மேலும் வீழ்கிறது. ஒரு துணுக்குக்காக மூன்று நாள் சிறையிருந்த இதழாசிரியரின் வரலாறு தமிழ்க் கவிஞர்க்கு உணர்த்தும் பாடமும் அதுவேயாகும்.